பாணிகளும் வார்ப்புருக்களும் (விண்டோஸ் பிரசன்டேஷன் ஃபவுண்டேஷன்)

விண்டோஸ் பிரசன்டேஷன் ஃபவுண்டேஷன் (சுருக்கமாக டபிள்யூ.பி.எஃப்) என்பது விண்டோஸ் இயங்குதளத்தில் இயங்கும் மென்பொருட்களுக்கு வரைகலைப் பயனர் இடைமுகம் அமைப்பதற்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் உருவாக்கிய கட்டமைப்பு ஆகும். இதில் ஓர் இடைமுக உறுப்பின் நிரலைத் தொடாமலேயே அதன் தோற்றத்தை மாற்ற உதவும் இரு கருவிகள் பாணிகளும் வார்ப்புருக்களும் ஆகும். நிறம், எழுத்துரு, விளிம்பு இடைவெளி போன்ற பண்புகளுக்கான மதிப்புகளை ஓரிடத்தில் தொகுத்து, பல உறுப்புகளுக்குப் பொதுவாக வழங்குவது பாணி எனப்படும். ஓர் உறுப்பு திரையில் எந்தெந்த வடிவங்களால் ஆக்கப்படுகிறது என்பதையே வரையறுப்பது வார்ப்புரு எனப்படும். பாணி உறுப்பை அலங்கரிக்கிறது. வார்ப்புரு அதன் உடலையே மாற்றி அமைக்கிறது.

பின்னணி

விண்டோஸின் தொடக்ககால இடைமுக நிரலாக்கத்தில் பொத்தான், எழுத்துப்பெட்டி, பட்டியல் முதலிய உறுப்புகள் தம்மைத் தாமே வரைந்துகொண்டன. ஒரு பொத்தானின் நடத்தையும் தோற்றமும் ஒரே நிரலுக்குள் பிணைந்திருந்தன. 2002 ஆம் ஆண்டு டாட் நெட் கட்டமைப்பின் முதற்பதிப்புடன் வெளிவந்த விண்டோஸ் ஃபார்ம்ஸிலும் இந்நிலை பெரிதும் தொடர்ந்தது. வேறுபட்ட தோற்றம் தேவைப்பட்டால் நிரலாளரே வரைதல் நிரலை எழுத வேண்டியிருந்தது. அல்லது பொத்தானைக் கைவிட்டு, ஒரு படத்தை வைத்து, அதன்மேல் சுட்டி சொடுக்கப்படும்போது வேண்டிய செயலை நிகழ்த்த வேண்டியிருந்தது. இரண்டாம் வழி எளிதானது. ஆனால் அப்படம் விசைப்பலகைக்குப் பணிவதில்லை. திரைபடிப்பான் மென்பொருளுக்கும் அது பொத்தானாகத் தெரிவதில்லை.

இணையத்தில் இச்சிக்கலுக்கு முன்னரே ஒரு தீர்வு உருவாகியிருந்தது. 1996 டிசம்பரில் பரிந்துரையாக வெளியான சி.எஸ்.எஸ் முதல் நிலை, ஆவணத்தின் உள்ளடக்கத்தையும் அதன் தோற்றத்தையும் பிரித்தது. மேசைக்கணினி மென்பொருட்களுக்கும் இத்தகைய பிரிப்பை டபிள்யூ.பி.எஃப் கொண்டுவந்தது. 'அவலான்' என்னும் குறிப்பெயரில் 2003 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த மைக்ரோசாஃப்ட் நிரலாளர் மாநாட்டில் அறிமுகமான இக்கட்டமைப்பு, 2006 நவம்பரில் டாட் நெட் 3.0 இன் பகுதியாக வெளியானது. இதன் இடைமுகங்கள் பொதுவாக 'ஸாமல்' எனப்படும், எக்ஸ்.எம்.எல் அடிப்படையிலான குறியீட்டு மொழியில் எழுதப்படுகின்றன.

தோற்றமற்ற உறுப்பு

டபிள்யூ.பி.எஃப் உறுப்புகள் 'தோற்றமற்றவை' என விவரிக்கப்படுவதுண்டு. பொத்தான் என்னும் வகுப்பில் அது எவ்வாறு வரையப்பட வேண்டும் என்பதற்கான நிரல் இல்லை. சொடுக்கினால் நிகழ்வொன்றை எழுப்புதல், இடைவெளி விசைக்கும் உள்ளிடு விசைக்கும் பதிலளித்தல், அழுத்தப்பட்டுள்ளதா, முடக்கப்பட்டுள்ளதா என்னும் நிலைகளைப் பேணுதல் ஆகியனவே அதன் பணிகள். செவ்வகம், விளிம்புக்கோடு, எழுத்து ஆகிய அனைத்தும் வார்ப்புருவிலிருந்து வருகின்றன. நிரலாளர் எதையும் குறிப்பிடாதபோது, இயங்குதளத்தின் கருப்பொருளுக்கு ஏற்ற இயல்புநிலை வார்ப்புரு பயன்படுத்தப்படுகிறது.

இதனால் ஒரு தெரிவுப்பெட்டியைச் சறுக்கு ஆளியாகவும், ஒரு பட்டியலை வட்டத் தெரிவுப்பொத்தான்களின் வரிசையாகவும் காட்ட இயலும். தோற்றம் எவ்வளவு மாறினாலும், தெரிவுப்பெட்டிக்குரிய ஆம், இல்லை, தீர்மானிக்கப்படாதது என்னும் மூன்று நிலைகளும் அப்படியே இருக்கும்.

பாணிகள்

ஒரு பாணியில் மூன்று முதன்மைக் கூறுகள் உள்ளன. அது எவ்வகை உறுப்புக்கு உரியது என்னும் இலக்கு வகை, பண்புகளுக்கு மதிப்பளிக்கும் அமைப்புகள், குறிப்பிட்ட சூழலில் மட்டும் மதிப்பை மாற்றும் தூண்டிகள் என்பனவே அவை.

பாணிக்குத் திறவுச்சொல் ஒன்று கொடுக்கப்பட்டால், அச்சொல்லைக் குறிப்பிடும் உறுப்புகளுக்கு மட்டுமே அது பொருந்தும். திறவுச்சொல் இன்றி இலக்கு வகை மட்டும் கொடுக்கப்பட்டால், அப்பாணி வரையறுக்கப்பட்ட எல்லைக்குள் உள்ள அவ்வகை உறுப்புகள் அனைத்துக்கும் தானாகவே பொருந்தும். இது மறைமுகப் பாணி எனப்படும். மறைமுகப் பாணி இலக்கு வகைக்கு மட்டுமே பொருந்தும். அவ்வகையிலிருந்து வருவிக்கப்பட்ட வகைகளுக்குப் பொருந்தாது. பொத்தானை நீட்டித்துப் புதிய வகுப்பு எழுதும் நிரலாளர்கள், பொத்தானுக்கென எழுதிய பாணி புதிய வகுப்பில் செயற்படாததைக் கண்டு குழம்புவது இதனாலேயே.

ஓர் உறுப்புக்கு ஒரு நேரத்தில் வெளிப்படையாக ஒரு பாணியை மட்டுமே அளிக்க முடியும். பல விதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் சி.எஸ்.எஸ் முறையிலிருந்து இது வேறுபட்டது. எனினும் ஒரு பாணியை மற்றொன்றின் அடிப்படையில் எழுத இயலும். எடுத்துக்காட்டாக, மென்பொருளின் எல்லாப் பொத்தான்களுக்கும் எழுத்துரு, உயரம் ஆகியவற்றைத் தரும் அடிப்படைப் பாணி ஒன்றை எழுதலாம். அதிலிருந்து, 'அழி' போன்ற மீளமுடியாத செயல்களுக்குரிய பொத்தானுக்கான சிவப்புப் பாணியை வருவிக்கலாம். பின்னர் எழுத்துருவை மாற்ற வேண்டுமெனில் ஓரிடத்தில் மாற்றினால் போதும். ஒருமுறை பயன்படுத்தப்பட்ட பாணி முத்திரையிடப்பட்டதாகக் கருதப்படும். அதன்பின் அதன் உள்ளடக்கத்தைத் திருத்த முடியாது. வேறொரு பாணியால் அதை மாற்றீடு செய்யவே முடியும்.

தூண்டிகள் நிபந்தனையை அடிப்படையாகக் கொண்டவை. பண்புத் தூண்டி, உறுப்பின் சொந்தப் பண்பைக் கவனிக்கிறது. தரவுத் தூண்டி, உறுப்புடன் பிணைக்கப்பட்ட தரவைக் கவனிக்கிறது. நிகழ்வுத் தூண்டி, பெரும்பாலும் அசைவூட்டங்களைத் தொடங்கப் பயன்படுகிறது. முதல் இரு வகைகளிலும் நிபந்தனை பொய்யானவுடன் பழைய மதிப்பு தானாகவே மீள்கிறது. அதற்கெனத் தனி நிரல் எழுதத் தேவையில்லை.

மதிப்புகளின் முன்னுரிமை

ஒரே பண்புக்குப் பல இடங்களிலிருந்து மதிப்பு வரக்கூடும். அவற்றுள் எது வெல்லும் என்பதற்குத் திட்டமான வரிசை உண்டு. அதன் முக்கிய படிகள், உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததாக, வருமாறு:

1. இயங்கிக்கொண்டிருக்கும் அசைவூட்டம் தரும் மதிப்பு
2. உறுப்பின்மேல் நேரடியாக எழுதப்பட்ட மதிப்பு
3. பாணியில் உள்ள தூண்டி தரும் மதிப்பு
4. பாணியில் உள்ள அமைப்பு தரும் மதிப்பு
5. கருப்பொருளின் இயல்புநிலைப் பாணி தரும் மதிப்பு
6. மேலுள்ள உறுப்பிலிருந்து மரபுரிமையாக வரும் மதிப்பு
7. பண்பின் தொடக்க மதிப்பு

நடைமுறையில் மிகுதியாக நேரும் பிழை இவ்வரிசையை மறப்பதால் விளைகிறது. ஒரு பொத்தானின் எழுத்து நிறத்தை அப்பொத்தானின்மேல் நேரடியாகக் கறுப்பு என எழுதிவிட்டு, சுட்டி மேலே வரும்போது அதை வெண்மையாக்கும் தூண்டியைப் பாணியில் எழுதினால், தூண்டி செயற்படாததுபோல் தோன்றும். உண்மையில் அது செயற்படுகிறது. நேரடி மதிப்பிடம் தோற்றுவிடுகிறது. தொடக்க நிறத்தையும் பாணிக்குள்ளேயே எழுதுவது இதற்குத் தீர்வாகும்.

உறுப்பு வார்ப்புரு

பாணியால் எட்ட முடியாத இடங்கள் உண்டு. விண்டோஸ் 8 முதல் வந்த இயல்புநிலைத் தோற்றத்தில் ஒரு பொத்தானின் பின்னணியைச் சிவப்பாக்கினாலும், சுட்டி அதன்மேல் வந்தவுடன் பின்னணி வெளிர்நீலமாக மாறிவிடும். அந்நீல நிறம் பொத்தானின் பண்பில் இல்லை. வார்ப்புருவின் உள்ளே இருக்கும் விளிம்புச் சட்டத்தின்மேல், வார்ப்புருவின் சொந்தத் தூண்டியால் அது பூசப்படுகிறது. வெளியிலிருந்து பொத்தானின் பண்பை மாற்றுவதால் அதைத் தடுக்க இயலாது. இங்கு வார்ப்புருவையே மாற்ற வேண்டியுள்ளது.

உறுப்பு வார்ப்புரு வழக்கமாகப் பாணியின் ஓர் அமைப்பாகவே வழங்கப்படுகிறது. வார்ப்புருவும் உறுப்பின் பண்புகளுள் ஒன்று என்பதே காரணம். வார்ப்புரு எழுதும்போது இரு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, உள்ளடக்கத்துக்கான இடம். பொத்தானின் உள்ளடக்கம் எழுத்தாகவோ, படமாகவோ, வேறு உறுப்பாகவோ இருக்கலாம். வார்ப்புருவில் உள்ளடக்கக் காட்டி என்னும் உறுப்பு வைக்கப்பட்ட இடத்தில் அது தோன்றும். அதை வைக்க மறந்தால் பொத்தான் சொடுக்குக்குப் பணியும். ஆனால் வெறுமையாக இருக்கும்.

இரண்டாவது, வார்ப்புருப் பிணைப்பு. வார்ப்புருவின் உள்ளே நிறங்களையும் அளவுகளையும் நிலையாக எழுதாமல், உறுப்பின் பண்புகளோடு பிணைத்தால், அதே வார்ப்புருவைப் பல நிறங்களிலும் அளவுகளிலும் பயன்படுத்தலாம். பிணைக்கப்படாத பண்பை வெளியிலிருந்து மாற்றினால் எவ்விளைவும் ஏற்படாது.

பெயரிட்ட பகுதிகள்

சில உறுப்புகளின் நிரலுக்குத் தன் வார்ப்புருவிலுள்ள குறிப்பிட்ட பகுதிகள் தேவை. எழுத்துப்பெட்டிக்கு, பயனர் தட்டச்சு செய்யும் எழுத்தை வைக்க ஓரிடம் வேண்டும். உருள்பட்டைக்கு, இழுக்கும் பிடி நகரும் தடம் வேண்டும். இப்பகுதிகளுக்கு 'பார்ட்' என்னும் முன்னொட்டுடன் கூடிய நிலையான பெயர்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. வார்ப்புரு பயன்படுத்தப்பட்டவுடன் உறுப்பு அப்பெயர்களைத் தேடிக் கண்டெடுத்துக்கொள்கிறது.

இது உறுப்பை எழுதியவருக்கும் தோற்றத்தை வடிவமைப்பவருக்கும் இடையிலான ஒப்பந்தம் போன்றது. எனினும் இதை மீறினால் பொதுவாகப் பிழைச்செய்தி வருவதில்லை. எழுத்துப்பெட்டியின் வார்ப்புருவில் உரிய பெயருடைய பகுதி இல்லையெனில், பெட்டி தோன்றும். தட்டச்சு செய்யும் எழுத்து மட்டும் தோன்றாது.

தரவு வார்ப்புரு

உறுப்பு வார்ப்புரு உறுப்பின் உடலை வரையறுக்க, தரவு வார்ப்புரு ஒரு தரவுப்பொருள் எவ்வாறு காட்டப்பட வேண்டும் என்பதை வரையறுக்கிறது. நூல்களின் பட்டியலொன்றைப் பட்டியல் உறுப்புடன் பிணைத்தால், வார்ப்புரு இல்லாத நிலையில் ஒவ்வொரு வரியிலும் அப்பொருளின் உரைவடிவம் மட்டுமே தோன்றும். பெரும்பாலும் அது வகுப்பின் பெயராக இருக்கும். தரவு வார்ப்புரு அளித்தால் அட்டைப்படம், தலைப்பு, ஆசிரியர் பெயர் என விரும்பியவாறு அமைக்கலாம்.

பாணியைப் போலவே தரவு வார்ப்புருவையும் ஒரு தரவு வகையோடு இணைத்துவிட்டால், அவ்வகைப் பொருள் எங்கு தோன்றினாலும் அது தானாகவே பயன்படும். கோப்புறை மரம் போன்ற படிநிலைத் தரவுக்குப் படிநிலைத் தரவு வார்ப்புருவும், நிபந்தனைக்கேற்ப வார்ப்புருவைத் தேர்ந்தெடுக்க வார்ப்புருத் தேர்வியும் உள்ளன. பட்டியலின் உருப்படிகள் செங்குத்தாகவோ கட்டங்களாகவோ அடுக்கப்படுவதைப் பலக வார்ப்புரு தீர்மானிக்கிறது. பட்டியலின் இயல்புநிலைப் பலகம் திரையில் தெரியும் உருப்படிகளுக்கு மட்டுமே உறுப்புகளை உருவாக்குகிறது. அதை நீக்கி எளிய அடுக்குப் பலகத்தை வைத்தால், பல்லாயிரம் வரிகள் கொண்ட பட்டியலில் அத்தனை வரிகளுக்கும் உறுப்புகள் உருவாக்கப்பட்டு மென்பொருள் மந்தமாகும்.

வள அகராதிகளும் கருப்பொருள்களும்

பாணிகளும் வார்ப்புருக்களும் வழக்கமாக வள அகராதிகளில் சேமிக்கப்படுகின்றன. ஒரு வளம் தேவைப்படும்போது தேடல் அவ்வுறுப்பில் தொடங்கி, அதைக் கொண்டிருக்கும் உறுப்புகள் வழியாகச் சாளரம், மென்பொருள், கருப்பொருள் என மேலேறுகிறது. ஆகவே ஒரு பாணியை எங்கே வைப்பது என்பதே அது எவ்வளவு தூரம் பரவும் என்பதைத் தீர்மானிக்கிறது. மென்பொருள் மட்டத்தில் எளிய எழுத்துக் கட்டத்துக்கு மறைமுகப் பாணி எழுதினால், பொத்தான்களின் உள்ளே உள்ள எழுத்தையும் அது மாற்றிவிடக்கூடும்.

வளத்தைச் சுட்டுவதில் இரு முறைகள் உள்ளன. நிலைச் சுட்டு, பக்கம் ஏற்றப்படும்போது ஒருமுறை மட்டும் மதிப்பைப் பெறுகிறது. இயங்கு சுட்டு, வளம் மாறும்போதெல்லாம் புதிய மதிப்பைப் பெறுகிறது. மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பகல் தோற்றத்திலிருந்து இருள் தோற்றத்துக்கு மாற வேண்டுமெனில், நிறங்கள் இயங்கு சுட்டால் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போது ஓர் அகராதியை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்தால் போதுமானது.

அணுகுதன்மை

தோற்றத்தைப் பிரித்ததன் மிகப்பெரும் பயன் அழகு அன்று; அணுகுதன்மையே ஆகும். டபிள்யூ.பி.எஃப் உறுப்புகள் தம்மைப் பற்றிய செய்தியைப் 'யூ.ஐ. ஆட்டோமேஷன்' என்னும் இடைமுகத்தின் வழியாகத் திரைபடிப்பான்களுக்குத் தெரிவிக்கின்றன. இச்செய்தி உறுப்பின் வகுப்பிலிருந்து வருகிறது. ஆகையால் 'அழி' பொத்தானை வட்டமாகவோ குப்பைத்தொட்டிப் படமாகவோ வரைந்தாலும், பார்வையற்ற பயனருக்கு அது தொடர்ந்து பொத்தான் என்றே அறிவிக்கப்படும். படத்தை வார்ப்புருவில் வைத்து, உள்ளடக்கத்தில் 'அழி' என்னும் சொல்லை விட்டுவைத்தால் அதன் பெயரும் நிலைக்கும். உள்ளடக்கமே படமாக இருந்தால் பெயரைத் தனியே எழுத வேண்டும். மாறாக, வெறும் சட்டமொன்றை வரைந்து அதன்மேல் சுட்டி நிகழ்வை இணைத்தால், முற்காலப் படப் பொத்தானின் குறை மீண்டும் வந்துவிடும்.

எனினும் வார்ப்புருவை மாற்றுபவர், இயல்புநிலை வார்ப்புரு செய்துவந்த அனைத்துக்கும் பொறுப்பேற்கிறார். கவனிக்கத் தவறும் இடங்கள் சில:

முடக்கப்பட்ட நிலை: புதிய வார்ப்புருவில் இதற்கான தூண்டி இல்லையெனில், பொத்தான் இயங்குவதுபோல் தோன்றும், ஆனால் பணியாது. பயனர் மென்பொருள் பழுதென எண்ணுவார்.

குவியக் குறி: விசைப்பலகையால் நகரும்போது எவ்வுறுப்பில் இருக்கிறோம் என்பதைக் காட்டும் புள்ளிக்கோடு, குவியப் பாணி என்னும் தனிப் பண்பால் வருகிறது. அழகுக்காக அதை நீக்கினால், சுட்டியைப் பயன்படுத்த இயலாதவர் திசை இழக்கிறார்.

உயர் மாறுபாட்டு நிறத்திட்டம்: பார்வைக் குறைபாடுடையோர் விண்டோஸில் தெரிவுசெய்யும் இத்திட்டத்தை, வார்ப்புருவில் நிலையாக எழுதப்பட்ட நிறங்கள் மதிப்பதில்லை. இயங்குதளத்தின் நிறங்களை இயங்கு சுட்டால் பெறுவதே முறை.

சொடுக்குப் பரப்பு: பின்னணி எதுவும் இல்லாத பகுதி சொடுக்கை ஏற்பதில்லை, ஒளிபுகும் நிறம் பூசப்பட்ட பகுதி ஏற்கும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

நிலையான அளவு: அகலத்தையும் உயரத்தையும் எண்ணால் கட்டினால் மொழிபெயர்ப்பில் எழுத்து வெட்டுப்படும். ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகளில் அடங்கும் 'சேவ்' என்னும் பொத்தான் தமிழில் 'சேமிக்கவும்' என நீள்கிறது. தமிழின் மேல்விலங்கும் கீழ்விலங்கும் கூடுதல் உயரத்தை வேண்டுகின்றன.

குறைபாடுகள்

வார்ப்புருவுக்கு மரபுரிமை இல்லை. பொத்தானின் மூலையை மட்டும் வளைக்க விரும்பினாலும், இயல்புநிலை வார்ப்புரு முழுவதையும் நகலெடுத்துத் திருத்த வேண்டியிருப்பது வழக்கம். நகலெடுத்த நாளின் தோற்றத்திலேயே அவ்வுறுப்பு உறைந்துவிடும்; பின்னாளில் கருப்பொருளில் செய்யப்படும் மேம்பாடுகள் அதற்கு வந்து சேர்வதில்லை. 2024 நவம்பரில் வெளியான டாட் நெட் 9, டபிள்யூ.பி.எஃப் மென்பொருட்களுக்கு ஃபுளுவன்ட் கருப்பொருளையும் இருள் தோற்றத்தையும் வழங்கியது. முழு வார்ப்புருக்களை நகலெடுத்து வைத்திருக்கும் மென்பொருட்கள், அவற்றைக் கையால் திருத்தினாலன்றி இதன் பயனை முழுமையாகப் பெற இயலாது. ஆகவே பண்பொன்றை மாற்றினால் போதுமான இடத்தில் பாணியோடு நிறுத்திக்கொள்வது நன்று.

பிற தளங்களில்

2008 அக்டோபரில் வெளியான சில்வர்லைட் 2, தூண்டிகளுக்கு மாற்றாகக் காட்சிநிலை மேலாளர் என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. இதில் இயல்பு, சுட்டி மேலுள்ளது, அழுத்தப்பட்டது, முடக்கப்பட்டது என நிலைகளுக்குப் பெயரிட்டு, ஒவ்வொன்றின் தோற்றமும் வரையறுக்கப்படுகிறது. 2010 இல் டாட் நெட் 4 உடன் இம்முறை டபிள்யூ.பி.எஃப்-இலும் சேர்க்கப்பட்டது. சில்வர்லைட்டுக்கான ஆதரவு 2021 அக்டோபரில் முடிவடைந்தது. எனினும் பாணி, வார்ப்புரு, காட்சிநிலை என்னும் கருத்துகள் 2022 இல் வெளியான டாட் நெட் மாவி போன்ற பிற்காலக் கட்டமைப்புகளிலும் தொடர்கின்றன. கட்டற்ற மென்பொருளான அவலோனியா, சி.எஸ்.எஸ்-ஐ ஒத்த தெரிவிகளைப் பாணிகளுக்குப் பயன்படுத்துகிறது. டபிள்யூ.பி.எஃப்-இன் மூலநிரல் 2018 டிசம்பரில் எம்.ஐ.டி உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. இதனால் இயல்புநிலை வார்ப்புருக்களையும் அவற்றின் தூண்டிகளையும் எவரும் படித்தறியலாம். புதிய வார்ப்புரு எழுத முனைவோர், தாம் நீக்கவிருக்கும் வார்ப்புரு என்னென்ன செய்துவந்தது என்பதை முதலில் அங்கு படித்தறிதல் பயனுடையது.